சத்தத்தைக் கூட்டப் போய்ப் பாட்டைக் கெடுத்த கதை

வணக்கம், போன்ஜூர்! மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து பேசுகிறேன். வெளியே மழை தகரக் கூரையை அடிக்கிறது. இடையில் என் குரல் அமுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குக் கொடியேறிவிட்டது. வீட்டில் பத்து நாள் விரதம், மரக்கறிச் சாப்பாடு. காவடி ஊர்வலத்தோடு போகும் வேனுக்குப் பாடல் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. போன ஆண்டு அதில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

பென் டிரைவில் 140 எம்பி3 பாடல்கள். பாதி அத்தையின் பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்தவை, மீதி சிடியிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் வந்தவை. கேசட் பாட்டு முனகும். அடுத்த பாட்டு இடி போல இறங்கும். வேனில் இருந்தவர் ஆம்பிளிபையர் குமிழை விட்டுக் கையை எடுக்கவே முடியாது. சரி, நானே சமன் செய்கிறேன் என்று ஒவ்வொரு பாட்டையும் ஒலித் திருத்தும் செயலியில் திறந்து, சத்தத்தை ஏற்றி இறக்கி, மறுபடியும் எம்பி3 ஆகச் சேமித்தேன். அதுவும் 128 கேபிபிஎஸ் என்ற குறைந்த தரத்தில். ஊர்வலத்தில் ஜால்ரா ஒலித்தபோது என் முகம் சுருங்கியது. 'சிங்' என்று வெட்ட வேண்டிய ஓசை, குழாயில் தண்ணீர் ஒழுகுவது போலச் சலசலத்தது.

நான் செய்த தவறு இதுதான். எம்பி3 ஆக்கும்போதே காதுக்கு அவ்வளவாகப் புலப்படாதவை கழிக்கப்பட்டுவிடுகின்றன. அதைப் பிரித்து மீண்டும் எம்பி3 ஆக்கினால் இன்னொரு முறை கழிவு. சத்தம் கூடியது, பாட்டு தேய்ந்தது.

இந்த ஆண்டு எம்பி3கெயின் என்ற இலவசச் செயலிக்கு மாறிவிட்டேன். எம்பி3 கோப்பு சின்னச் சின்னச் சட்டங்களாக (ஃபிரேம்) அடுக்கப்பட்டிருக்கிறது; சிடி தரத்தில் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லி விநாடி. ஐந்து நிமிடப் பாட்டில் 11,000 சட்டங்களுக்கு மேல். அவற்றுக்குள்ளே 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கிறது: 'இந்த ஒலியை இவ்வளவு பெருக்கிக் கொடு' என்று பாட்டை ஒலிக்கும் கருவிக்குச் சொல்லும் எண். செயலி அதை மட்டும் மாற்றுகிறது. எங்கள் ஊர் விருந்தான ஏழு கறிக்குரிய சமையல் குறிப்பில் 'நூறு பேருக்கு' என்பதை அடித்துவிட்டு 'இருநூறு பேருக்கு' என்று எழுதுவது போல. உப்பு, புளி விகிதம் அப்படியே இருக்கும்.

அந்த எண்ணை ஒன்று கூட்டினால் சத்தம் 1.5 டெசிபல் ஏறும். அதைவிட நுணுக்கமாக நகர்த்த முடியாது. இதோ, திரையைப் பாருங்கள். அத்தையின் கேசட் பாட்டு 81 டெசிபல் என்று காட்டுகிறது. செயலியின் வழக்கமான இலக்கு 89. எட்டு டெசிபல் வேண்டும், ஆனால் ஐந்து படி ஏற்றினால் 7.5. மிச்சமுள்ள அரை டெசிபலை ஊர்வலத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அந்த இடிப் பாட்டு 98. ஆறு படி இறக்கினால் சரியாக 89.

பிடிக்கவில்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பலாம். எவ்வளவு மாற்றினோம் என்பதைக் கோப்பிலேயே குறித்து வைக்கிறது. ஆனாலும் மூலக் கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஒருமுறை சூடு பட்டவன் நான்.

சத்தத்தைக் கோப்பில் தொடாமல், பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்கள் இருக்கும் குறிப்பில் (டேக்) மட்டும் எழுதி வைக்கும் ரீப்ளேகெயின் முறையும் உண்டு. டேவிட் ராபின்சன் 2001இல் முன்வைத்தது. கணினியில் அருமை, எங்கள் வேனின் ஆம்பிளிபையரோ அந்தக் குறிப்பைப் படிப்பதே இல்லை.

இதிலும் எல்லை உண்டு. கேசட்டின் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்தே ஏறும். பதிவு செய்தபோதே உடைந்துபோன ஒலி, எவ்வளவு இறக்கினாலும் உடைந்ததுதான். ஏற்றும்போது ஒலியின் உச்சம் நறுக்கப்பட்டு உடையும் (கிளிப்பிங்) என்ற எச்சரிக்கை தெரிந்தால் ஒரு படி குறையுங்கள். ஒன்றையொன்று தொடர்ந்து வரும் பாடல் வரிசை என்றால் 'ஆல்பம்' முறையைத் தேர்ந்தெடுங்கள்; அது எல்லாப் பாட்டையும் ஒரே அளவு ஏற்றும் அல்லது இறக்கும். இல்லையென்றால் மெதுவான விருத்தமும் காவடிச் சிந்தும் ஒரே உயரத்தில் நின்று, மூச்சு வாங்க இடமே இராது.

இதோ அத்தையின் பாட்டு. கேளுங்கள்... ஜால்ரா வெட்டுகிறதல்லவா? வாசலில் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.