மழை பெய்து எத்தனையாவது வாரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் அம்மா முப்பது வருசத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அந்தி நேரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும், கூடையை இறக்கி வைத்த கையோடு, "இன்னைக்கு இருபத்தோரு கிலோ, எழுது புள்ள" என்பார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் அதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். அந்தக் கொப்பிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. காலத்தொடர் என்ற சொல்லை வகுப்பில் படிப்பதற்குப் பல வருடம் முன்பே, ஒரு காலத்தொடரை நாளுக்கு ஒரு எண்ணாக என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இரண்டு காலத்தொடர்களுக்கு இடையே உறவு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு, அதை எப்படி அளப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இதைப் பேச வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு வரைபடம் காட்டினார்கள். அதில் இரண்டு கோடுகள். ஒன்று வருடா வருடம் பெயர் பதிந்த தொழிலாளர் தொகை, மற்றது வருடா வருடம் கிடைத்த கொழுந்து. இரண்டும் இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போயின. "பாருங்க, ஆள் வராததாலதான் கொழுந்து கொறையுது. இணைபு தொண்ணூறு வீதத்துக்கு மேல" என்றார் பேசியவர். முன்வரிசையில் இருந்த பெண்கள் தலை குனிந்தார்கள். அதில் என் சித்தியும் இருந்தார்.

அந்த எண்ணைக் கணக்கிட்டதில் பிழையில்லை. அதை வைத்துச் சொன்ன முடிவுதான் பிழை.

இணைபு என்று நம் பாடப்புத்தகத்தில் வருவதைத் தமிழ்நாட்டில் ஒட்டுறவு என்பார்கள். கார்ல் பியர்சன் வகுத்த அந்தக் குணகம் கழித்தல் ஒன்றுக்கும் கூட்டல் ஒன்றுக்கும் இடையில் நிற்கும். கூட்டத்தில் சொன்ன தொண்ணூறு வீதம் என்பது 0.9. ஒன்று தன் கூட்டலிடைக்கு, அதாவது சராசரிக்கு, மேலே போகும்போது மற்றதும் மேலே போனால் கூட்டல், கீழே போனால் கழித்தல், எந்த ஒழுங்கும் இல்லாவிட்டால் பூச்சியத்துக்குப் பக்கம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளந்து இதைப் போட்டால் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் ஒரு பிள்ளையின் உயரம் அடுத்த பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிப்பதில்லை. காலத்தொடர் அப்படியில்லை. இந்த வருடத்து எண் போன வருடத்து எண்ணின் தோளில் ஏறித்தான் நிற்கிறது. மெல்ல மெல்ல இறங்கும் எந்த இரண்டு கோடுகளை எடுத்தாலும் குணகம் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் வரும். தபாலில் வரும் கடிதங்களும்தான் வருடா வருடம் குறைந்து வந்திருக்கின்றன. அந்தக் கோட்டைக் கொழுந்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாலும் அதே தொண்ணூறு வந்திருக்கும். கடிதம் குறைந்ததால் கொழுந்து குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை 1926லேயே இங்கிலாந்தில் அட்னி யூல் என்ற புள்ளிவிபரவியலாளர் எடுத்துக்காட்டிவிட்டார். 1866 முதல் 1911 வரை அந்நாட்டில் நடந்த திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நடந்தவற்றின் பங்கையும், அதே வருடங்களின் இறப்பு வீதத்தையும் எடுத்துக்கொண்டார். இணைபு 0.95. கோயிலில் கல்யாணம் கட்டுவது குறைந்ததால் சாவும் குறைந்தது என்று அர்த்தமா? இரண்டும் தத்தம் காரணத்தால் மெல்ல இறங்கியவை, அவ்வளவுதான். அர்த்தமற்ற இணைபு என்றே அதற்குப் பெயர் வைத்தார் யூல். பிறகு 1974இல் கிரேஞ்சர், நியூபோல்ட் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத தொடர்களைக் கணினியில் உண்டாக்கிச் சோதித்தார்கள். இருந்த இடத்திலிருந்து ஓரடி இப்படியோ அப்படியோ வைத்துப் போகும் தொடர்கள் அவை. வழக்கமான சோதனைகள் பெரும்பாலான தடவை "உறவு இருக்கிறது" என்றே பொய்ச்சாட்சி சொல்லின.

சரி, எப்படித்தான் அளப்பது? வீட்டில் கடதாசியும் பென்சிலும் இருந்தால் போதும். மழையையும் கொழுந்தையும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு நீளமான கடதாசித் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மழைக்கு, ஒன்று கொழுந்துக்கு. வாரத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் கிலோவையோ மில்லிமீற்றரையோ எழுத வேண்டாம். போன வாரத்தைவிடக் கூடினால் கூட்டல் குறி, குறைந்தால் கழித்தல் குறி, அது மட்டும். நீண்ட கால ஏற்ற இறக்கத்தின் பிடி இதிலேயே பெரும்பாலும் விட்டுப்போகும். வருடக்கணக்காக இறங்கும் கோட்டில்கூட, வாரத்துக்கு வாரம் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் கலந்துதான் இருக்கும். இனி இரண்டு துண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, எத்தனை கட்டங்களில் குறி ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். சம்பந்தமில்லாத இரண்டு தொடர்கள் என்றால் ஏறக்குறையப் பாதி ஒத்துவரும், காசு சுண்டிப் பார்ப்பது போல. பாதியைவிட நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ யோசிக்க விசயம் இருக்கிறது. கணினி வைத்திருப்பவர்கள் குறிக்குப் பதிலாக வித்தியாசத்தையே எடுத்துப் பியர்சன் குணகம் போடலாம். யோசனை ஒன்றுதான்.

இதை நான் அம்மாவின் கொப்பியில் முதலில் செய்து பார்த்தபோது பாதிக்குப் பக்கத்தில்தான் வந்தது. மழைக்கும் கொழுந்துக்கும் சம்பந்தமில்லையா என்று குழம்பிப்போய் அவரிடமே கேட்டேன்.

"மழ பேஞ்ச கையோட கொழுந்து வந்துருமா? மரம் தண்ணியக் குடிச்சி, அரும்பு கட்டி, அதுக்குப் பொறகுதான குடுக்கும். கீழ் துண்ட கொஞ்சம் தள்ளி வையி" என்றார்.

காலத்தொடர்களைப் பற்றிய பாடநூல்கள் ஒரு முழு அத்தியாயத்தில் சொல்வதை அம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நமது உயரத்தில் ஓர் அரும்பு பறிக்கும் பதத்துக்கு வர ஆறு வாரமும் ஆகும், குளிர் நாட்களில் பத்து வாரமும் ஆகும். ஆகவே இந்த வாரத்து மழையை இந்த வாரத்துக் கொழுந்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. கொழுந்துத் துண்டை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தி எண்ணுங்கள், இரண்டு கட்டம் நகர்த்தி எண்ணுங்கள், பத்து வரை போங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் எண் கிடைக்கும். எந்த நகர்த்தலில் ஒற்றுமை உச்சத்துக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் பின்னடைவு இணைபு.

அதற்கும் முன்னால் தரவைத் துப்புரவாக்க வேண்டும். மலையகத்தில் இதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. மழை நாளில் எடுக்கும் கொழுந்து நனைந்திருக்கும், தண்ணீரும் சேர்ந்து நிறுபடும். அதனால் மழை பெய்த அன்றே கொழுந்து கூடியதுபோல ஒரு பொய் உறவு தெரியும். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: தண்ணீருக்கு என்று இத்தனை கிலோ, சாக்குக்கு என்று இத்தனை கிலோ என்று நிறுக்கும் இடத்தில் கழிப்பார்கள். சிலநாள் அந்தக் கழிவு நியாயமானது, சிலநாள் அப்படியில்லை. அம்மாவின் கொப்பியில் பல பக்கங்களில் ஓரத்தில் "தண்ணிக்கு மூணு" என்று நான் எழுதிய சின்ன எழுத்து இருக்கிறது. கழித்த பிறகு வந்த எண்ணை மட்டும் வைத்து இணைபு பார்த்தால், நாம் அளப்பது மழைக்கும் மரத்துக்கும் உள்ள உறவை அல்ல, மழைக்கும் தராசடியில் நிற்பவரின் கைக்கும் உள்ள உறவை. இது எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விசயம்.

தீபாவளி வாரமும் தைப்பொங்கலும் கோயில் திருவிழாவும் இன்னொரு சிக்கல். அந்த நாட்களில் மலைக்குப் போவதில்லை. அதைப் பூச்சியம் என்று எழுதக் கூடாது, வெற்றிடமாக விடுங்கள். கொழுந்து எடுக்காத வாரமும் கொழுந்து வராத வாரமும் ஒன்றல்ல.

அடுத்தது பருவம். இங்கேதான் நான் நெடுநாள் தடுமாறினேன். நம் மேற்குச் சரிவுக்கு வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை. வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை, பதுளையில் ஆடி மாதம் காய்ந்த காற்று வீசும், அங்கே நல்ல மணமுள்ள தேயிலை கிடைக்கும் காலம் அதுதான். ஆக, அட்டன் மழைக்கும் பதுளை மழைக்கும் முழு வருட இணைபு போட்டால் அது எதைச் சொல்லும்? நாட்காட்டியைத்தான் சொல்லும். இரண்டு தொடர்களும் சித்திரையில் கூடி மாசியில் குறைந்தால், அவற்றுக்கு ஒன்றோடொன்று உறவு இருக்க வேண்டியதில்லை, மாதங்களோடு உறவு இருந்தாலே போதும். ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் பல வருட இடையைக் கண்டு, அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒப்பிட வேண்டும். சித்திரையைச் சித்திரையோடு வைத்துப் பார்ப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இதைச் செய்தபிறகும் எனக்கு ஒழுங்கான விடை வரவில்லை. மறுபடி அம்மா. "பங்குனி மழயையும் ஆடி மழயையும் ஒண்ணாப் போட்டு எண்ணுனா எப்புடி? பங்குனியில பேஞ்சா மரம் உசுரு புடிக்கும். ஆடியில வெயில் கண்ணுலயே படாது, அதுக்கு மேல மழ பேஞ்சி என்னாத்துக்கு?" வறண்ட மாதங்களில் மழை கொழுந்தைக் கூட்டுகிறது. மூட்டம் கவிந்த மாதங்களில் மழை கூடினால் வெளிச்சம் குறைகிறது, குளிர் ஏறுகிறது, கொழுந்து தளர்கிறது. ஒரு பாதியில் கூட்டல், மறு பாதியில் கழித்தல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பூச்சியம். குணகம் பூச்சியம் என்றால் உறவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பருவத்தைப் பிரித்து, இரண்டு தனிக் கணக்காகப் போட்டபோதுதான் துண்டுகள் பேசத் தொடங்கின.

கடலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வருடங்களில் இந்தியாவின் தென்மேல் பருவமழை பெரும்பாலும் குன்றும். அதே எல் நினோ, ஐப்பசி முதல் மார்கழி வரை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மழையைக் கூட்டும் போக்குடையது. இந்தத் தொடர்பின் நுனியைப் பிடித்தவர் கில்பேர்ட் வோக்கர். 1904இல் இந்திய வானிலை ஆய்வகங்களுக்குத் தலைவராக வந்த கணித மேதை. பருவமழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதே அவருக்கு இருந்த கேள்வி. அந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து வந்த தாது வருடப் பஞ்சத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி இந்த மலைகளுக்கு நடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வோக்கர் உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றின் தொடர்களைச் சேர்த்து, கணினி இல்லாத காலத்தில், எழுதுவினைஞர்களை வைத்து நூற்றுக்கணக்கான இணைபுகளை முன்பின் நகர்த்திக் கணக்கிட வைத்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊசலாட்டத்தை அவர் அப்படித்தான் கண்டார், 1924இல் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. நூறு இணைபு போட்டால் அதில் சில தற்செயலாகவே பெரிதாக வரும் என்பதை அவர் 1914லேயே எழுதி, அதற்கு ஒரு கடுமையான அளவுகோலும் வகுத்தார். நமது கடதாசித் துண்டுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். பத்துத் தடவை நகர்த்தினால் ஏதோ ஒன்று அழகாகத்தான் தெரியும். ஆறாவது வாரத்தில் உச்சம் என்றால் ஐந்திலும் ஏழிலும் ஓரளவு இருக்க வேண்டும், அடுத்த வருடக் கொப்பியிலும் அங்கேயே வர வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நூறு வாரத் தரவு இருக்கிறது என்று சந்தோசப்படும்போது கவனிக்க வேண்டியது. இரண்டு தொடரிலும் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தோடு 0.8 அளவு ஒத்திருந்தால், அந்த நூறு வாரம் உண்மையில் ஏறக்குறைய இருபத்திரண்டு தனித்தனி வாரங்களின் பெறுமதிதான். ஒரே சாட்சி திரும்பத் திரும்பப் பேசினால் அது நூறு சாட்சி ஆகாது.

அந்தக் கூட்டத்து வரைபடத்துக்கு வருகிறேன். அதன் எண்களைக் கேட்டு வாங்கி, வருடத்துக்கு வருடம் வந்த மாற்றத்தை எடுத்துப் பார்த்தேன். ஆள் அதிகம் குறைந்த வருடங்கள் வேறு, கொழுந்து அதிகம் குறைந்த வருடங்கள் வேறு. இருந்ததோ பத்துப் பதினோரு வருடம். அதை வைத்து ஆள் குறைந்தது காரணமில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் வயதான மரம், பிந்திய கவ்வாத்து, போடாத உரம், காய்ந்த பங்குனி எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சித்தியின் தலையில் பழியைப் போட அந்தத் தொண்ணூறு போதாது என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன்.

வீட்டில் இப்படிக் கணக்கெழுதுகிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். திகதி போடுங்கள். நிறுத்த கிலோவை ஒரு பக்கத்திலும், கழித்த கிலோவை இன்னொரு பக்கத்திலும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு மலைக்குப் போய் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று குறியுங்கள். நேராக நிற்கும் ஒரு தகரப் பேணியை மரமில்லாத திறந்த இடத்தில் வைத்து, காலையில் அதற்குள் மில்லிமீற்றர் போட்ட அடிமட்டத்தை விட்டால் மழையும் கிடைத்துவிடும். போன திங்கட்கிழமை இரவு எங்கள் பேணியில் நாற்பத்திரண்டு மில்லிமீற்றர். எழுதிவிட்டேன். அம்மா இப்போதே விரல் மடக்கி வாரம் எண்ணத் தொடங்கிவிட்டார்.

வணக்கம்.