ரெண்டாவது வந்த டீம் கீழேயே நின்னுச்சு, நாலாவது வந்த டீம் மேல போச்சு: மட்சுமோட்டோ யமகா எஃப்சி

திரையில ஒரு பாயிண்ட்ஸ் டேபிள் தெரியுது பாருங்க. 2011, ஜப்பான் ஃபுட்பால் லீக், சுருக்கமா ஜேஎஃப்எல், அப்போ அது அந்த நாட்டோட மூணாவது டிவிஷன். அதுக்கு மேல ஜே லீக்ங்கிற ப்ரொஃபஷனல் லீக், ஜே1 உச்சி, ஜே2 அடுத்த படி. முதல் இடம் சகாவா ஷிகா, ஒரு கம்பெனி டீம். ரெண்டாவது நகானோ பார்செய்ரோ. மூணாவது மச்சிதா ஜெல்வியா. நாலாவது மட்சுமோட்டோ யமகா. இதுல ஜே2-க்கு ஏறினது யாருன்னு நினைக்கிறீங்க? மூணாவதும் நாலாவதும்தான். முதல் ரெண்டு டீமும் அங்கேயே நின்னுச்சு.

ஜப்பான் கீழ் டிவிஷன் புரியணும்னா இந்த டேபிள்லேருந்துதான் ஆரம்பிக்கணும். சகாவா கம்பெனி டீம்ங்கிறதால ஜே லீக்குக்குப் போற வழியிலேயே இல்ல. நகானோவுக்குக் குறுக்க நின்னது ஸ்டேடியம். அடிப்படைக் கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: ஜே1-க்கு 15,000 பேர் கொள்ளளவு, ஜே2-க்கு 10,000, ஜே3-க்கு 5,000. இப்போ சில விதிவிலக்கு இருக்கு, அன்னைக்கு இவ்வளவு தளர்வு கிடையாது. ஜெயிச்சா மட்டும் போதாது, ஜே லீக் குடுக்கிற லைசென்ஸும் வேணும். நகானோ 2013-ல ஜேஎஃப்எல் சாம்பியனே ஆனாங்க. அப்பவும் ஜே2 கிடைக்கல, அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிச்ச ஜே3-லதான் உக்கார வெச்சாங்க. அவங்க புது ஸ்டேடியம் தயாரானது 2015-ல.

மட்சுமோட்டோ கதை இதுக்கு நேர் தலைகீழ். அங்க ஸ்டேடியம் முதல்ல வந்துச்சு, டீம் பின்னாடி வளர்ந்துச்சு. 'ஆல்ப்ஸ்', 'விண்ட்' ரெண்டையும் சேர்த்து 'அல்வின்'னு பேரு. 2001-ல திறந்தாங்க, கிட்டத்தட்ட 20,000 பேர் உக்காரலாம், சுத்தி ஓட்டப் பாதை இல்லாத சுத்தமான ஃபுட்பால் கிரவுண்ட். 2002 உலகக் கோப்பைக்கு வந்த பராகுவே டீம் இந்த ஊர்லதான் கேம்ப் போட்டுச்சு. உலகக் கோப்பை முடிஞ்சா இவ்வளவு பெரிய கிரவுண்டை என்ன பண்றது? அப்போ யமகா வட்டார லீக்ல ஆடிக்கிட்டிருந்த ஒரு அமெச்சூர் கிளப். 2004-ல ஜே லீக்கைக் குறி வெச்சு ஒரு லாப நோக்கமில்லா அமைப்பைத் தொடங்கி, கிளப்பை அதுக்குக் கீழ கொண்டு வந்தாங்க.

'யமகா'ங்கிறது மட்சுமோட்டோ ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல இருந்த ஒரு காபிக்கடையோட பேரு. 1965-ல நகானோ மாகாண டீம் பிளேயர்ஸ் அங்க கூடுவாங்க, அப்படியே கிளப்புக்கும் அந்தப் பேரே நின்னுடுச்சு. கடை 1978-ல மூடினாங்க. 2017-ல கிளப்பே அதே பேர்ல ஒரு காபிக்கடை திறந்துச்சு. காபிக்கடைப் பேரோட ஒரு ப்ரொஃபஷனல் கிளப். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

நகானோவோட பகை பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு ஊரும் ஒரே மாகாணம்தான், ஆனா பழைய கணக்கு பாக்கி. மட்சுமோட்டோ தனியா சிகுமா மாகாணத்தோட தலைநகரா இருந்துச்சு. 1876-ல அந்த மாகாண அலுவலகம் எரிஞ்சுபோச்சு, அதே வருஷம் மாகாணத்தையே கலைச்சு மட்சுமோட்டோ பகுதியை நகானோவோட சேர்த்துட்டாங்க. இந்த ரெண்டு டீமும் மோதற ஷின்ஷூ டெர்பிக்கு அடியில இந்த நெருப்பு இன்னும் கனன்றுகிட்டுத்தான் இருக்கு.

யமகா 2009-ல வட்டார லீக்லேருந்து ஜேஎஃப்எல்லுக்கு ஏறின வருஷமே, ஜப்பானோட நாக்-அவுட் கோப்பையான எம்பரர்ஸ் கப்ல ஜே1 டீம் உராவா ரெட்ஸை 2-0-ன்னு சாய்ச்சாங்க. 2011-ல நவோகி மட்சுதா வந்து சேர்ந்தார். 2002 உலகக் கோப்பையில ஜப்பானுக்கு ஆடின டிஃபெண்டர். ஆகஸ்ட் 2, பயிற்சியில மயங்கி விழுந்தார். மாரடைப்பு. கிரவுண்ட்ல ஏஇடி, அதாவது இதயத்துக்கு ஷாக் குடுக்கிற மெஷின் இல்ல. ஆகஸ்ட் 4 இறந்துட்டார், வயசு 34. அவர் போட்ட 3-ஆம் நம்பர் ஜெர்சியை 2014-ல வந்த ஹயுமா தனகா எடுத்துக்கிட்டார்.

நீங்க லோக்கல் டீம் நடத்துறீங்கன்னா இதைக் குறிச்சுக்கோங்க. இதயம் நின்னப்புறம் ஷாக் தள்ளிப்போற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7-லேருந்து 10 சதவீதம் குறையுது. ஆம்புலன்ஸுக்கு ஒருத்தர் போன் பண்ணணும், ஒருத்தர் நெஞ்சை நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை அழுத்திக்கிட்டே இருக்கணும், மூணாவது ஆள் மெஷினை எடுக்க ஓடணும். ஆபீஸ் ரூம்ல பூட்டி வெச்ச மெஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மட்சுதா இறந்த அந்த 2011 சீசனைத்தான் யமகா நாலாவது இடத்துல முடிச்சு மேல வந்தாங்க. 2012-ல கோச்சா வந்தவர் யசுஹாரு சொரிமாச்சி, பெய்ஜிங் ஒலிம்பிக்ல ஜப்பானுக்குக் கோச்சா இருந்தவர். அவரோட டீம் ஆட்டம் அழகா இருக்காது, ஆனா எதிராளிக்கு எரிச்சல் வரும். ஓட்டம், ஃப்ரீ கிக், கார்னர் மாதிரி செட் பீஸ், அப்புறம் யூசோ இவாகாமியோட நீள த்ரோ. த்ரோ-இன்லேருந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, அதனால ஆளுங்களை கோல்கீப்பர் மூக்குக்கு நேரயே நிறுத்தலாம். உயரமான சென்டர் பேக் எல்லாரும் பாக்ஸுக்குள்ள போயிடுவாங்க. பிரச்சினை எங்கன்னா, எதிராளி முதல் பந்தைத் தலையால சுத்தமா வெளிய தட்டிட்டா, பின்னாடி காவலுக்கு ஆள் கம்மி. ஜே2-ல இதைச் சமாளிச்சாங்க.

2014-ல ரெண்டாவது இடம், ஜே1. 2015-லயே 16-ஆவது வந்து இறங்கியாச்சு. 2018-ல 77 பாயிண்ட்ல ஜே2 சாம்பியன். அடுத்த மூணு டீமும் 76! மறுபடி ஜே1, 34 மேட்ச்ல 21 கோல்தான் அடிச்சாங்க, 17-ஆவது. தோத்துக்கிட்டிருந்த அந்த 2019-லயும் சராசரியா 17,000 பேருக்கு மேல கிரவுண்டுக்கு வந்தாங்க. சுமார் 2.4 லட்சம் பேர் இருக்கிற ஊர்ங்க அது.

இப்போ ப்ளே-ஆஃப் விதி, அதாவது நேரடியா ஏறாத டீம்ங்க மிச்சமிருக்கிற ஒரு இடத்துக்கு மோதற ஆட்டம். எக்ஸ்ட்ரா டைம் இல்ல, பெனால்டி இல்ல. டிரா ஆனா டேபிள்ல மேல இருந்தவங்க போவாங்க. 2016-ல யமகா 84 பாயிண்ட், ஷிமிசுவும் 84. கோல் வித்தியாசத்துல நேரடி இடம் போச்சு, மூணாவதா ப்ளே-ஆஃப். சொந்த கிரவுண்ட்ல ஆறாவது வந்த ஒகயாமாவோட டிரா பண்ணினாலே போதும். 1-1-ல இருந்த மேட்ச், கூடுதல் நேரத்துல ஒரு கோல் வாங்கி 1-2.

2021-ல ஜே2-ல கடைசி, 22-ஆவது. ஜே3-க்கு இறங்கினாங்க. 2024-ல நாலாவது வந்து ப்ளே-ஆஃப். அரையிறுதியில ஐந்தாவது வந்த ஃபுகுஷிமாவோட 1-1. மேல இருந்தது நாங்கன்னு சொல்லி உள்ள போனாங்க. அடுத்த வாரம் ஃபைனல், மூணாவது வந்த தோயாமா கிரவுண்ட்ல. 2-0-ன்னு முன்னாடி இருந்தாங்க. ஆட்டம் முடியப்போற நேரத்துல ஒண்ணு வாங்கி, கூடுதல் நேரத்துல இன்னொண்ணு வாங்கி, 2-2. போன வாரம் இவங்களைக் காப்பாத்துன அதே விதி, இந்த வாரம் தோயாமாவை ஜே2-க்கு அனுப்பிடுச்சு.

2026 ஆகஸ்ட்லேருந்து ஜே லீக் காலண்டரே மாறுது, வசந்தத்துக்குப் பதிலா கோடைக் கடைசியில சீசன் ஆரம்பம், நடுவுல குளிர்கால இடைவேளை. அல்வின் இருக்கிறது விமான நிலையத்துக்குப் பக்கத்துல, அந்த விமான நிலையமே கடல் மட்டத்துலேருந்து 657 மீட்டர் உயரத்துல இருக்கு. பிப்ரவரி மாசம் அங்க புல்லு எப்படி இருக்கும், பயிற்சி எங்க நடத்துவாங்கன்னு அடுத்த வீடியோவுல கிரவுண்ட் கிரவுண்டா பார்க்கலாம்.