பெட்டி மாவு, முழு கோதுமை, கொஞ்சம் காரம்

வணக்கம். பிஸ்கட் என்றதும் டீயில் தொட்டுச் சாப்பிடுகிற மொறுமொறு பிஸ்கட்தான் நமக்கு நினைவு வரும். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. இங்கே அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஜார்ஜியா, டென்னசி, கரோலினா பக்கம், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் உயரமாக, மேலே பொன்னிறமாக, பிய்த்தால் ஏடு ஏடாக ஆவி பறக்க ஒன்று தட்டில் வருமே, அந்த பிஸ்கட். அதை வீட்டிலேயே, மைதா இல்லாத பெட்டி மாவில், அதாவது பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே பெட்டியில் விற்கிற மாவில், உப்பும் காரமுமாகச் செய்கிற விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். இந்த ஸ்டுடியோவில் எனக்குப் பேசக் கொடுத்திருப்பது 10 நிமிடம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அட்லாண்டாவுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருடம் வீட்டில் மைதாவை நிறுத்தினோம். பரோட்டாவைக்கூட அவர் சுலபமாக விட்டுவிட்டார், இந்த பிஸ்கட்டைத்தான் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அப்போதுதான் கடைக்குப் போய் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை.

பெட்டி மாவு எப்படி வந்தது என்று ஒரு கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது, அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1930-ஆம் வருடம். ஜெனரல் மில்ஸ் என்கிற மாவுக் கம்பெனியில் விற்பனை பார்த்த கார்ல் ஸ்மித் என்பவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயிலில் போகிறார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, நல்ல பசி. ரயிலின் சமையல் பெட்டியில் போய்க் கேட்கிறார். கேட்ட கொஞ்ச நேரத்தில் சுடச்சுட பிஸ்கட் வருகிறது. இவருக்கு ஆச்சரியம், இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று. சமையல்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். மாவு, கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் முன்கூட்டியே கலந்து உள்ளே வைத்திருக்கிறார், ஆர்டர் வந்ததும் பாலை ஊற்றி அடுப்பில் தள்ள வேண்டியதுதான் பாக்கி. நம் வீட்டில் இட்லி மாவை அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோமே, அதே யோசனை. ஸ்மித் அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோனார், வெளியே வைத்தாலும் கெடாதபடி அங்கே வழி கண்டுபிடித்தார்கள், 1931-இல் பிஸ்க்விக் என்ற பெயரில் கடைக்கு வந்தது. கம்பெனி சொல்கிற இந்தக் கதையில் சமையல்காரரின் பெயர் மட்டும் வருவதில்லை. ஓடுகிற ரயிலில், அந்தச் சின்ன இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் யோசித்த யோசனை அது. ஒவ்வொரு தடவை பெட்டியைப் பிரிக்கும்போதும் அவரை நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்தப் பழைய மாவு வெள்ளை மாவு. தவிடும் இல்லை, தானியத்தின் கருவான முளையும் இல்லை. இப்போது முழுத் தானியப் பெட்டிகளும் வருகின்றன. பான்கேக் மிக்ஸ் என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது அதே மாவு, அதே பேக்கிங் பவுடர், அதே உப்புதான். சில பெட்டிகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும், கார பிஸ்கட்டுக்கு அது வேண்டாம், இல்லாததாகப் பாருங்கள். யூட்டாவிலிருந்து வரும் கோடியாக் மிக்ஸில் முழு கோதுமையும் ஓட்ஸ் மாவும் இருக்கும், புரதமும் சேர்த்திருப்பார்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். பெட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். மல்டிகிரெய்ன் என்று பெரிதாக இருக்கும், கல்லில் அரைத்தது என்று இருக்கும், கதிர் கதிராகப் படமும் இருக்கும். திருப்புங்கள். பின்னால் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கிறதே, அதன் முதல் வரியைப் படியுங்கள். இந்த நாட்டுச் சட்டப்படி எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும். முதல் வரியில் ‘ஹோல் வீட்’ என்றோ ‘ஹோல் கிரெய்ன்’ என்றோ வந்தால் வாங்கலாம். வெறும் ‘வீட் ஃப்ளோர்’ என்று இருந்தால் அது கோதுமை மாவு என்று நினைத்துக்கொள்கிறோம், நானும் முதல் இரண்டு வருடம் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். ஆனால் இங்கே வீட் ஃப்ளோர் என்றால் வெள்ளை மாவு, நம் மைதாவின் சொந்தக்காரன். ‘என்ரிச்டு’ என்று முன்னால் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சலித்துத் தவிட்டை எடுத்துவிட்டு, அதோடு போன சத்தில் நாலைந்தைத் திரும்பச் சேர்த்தது. நார்ச்சத்து திரும்பி வராது.

இன்னொரு கணக்கும் உண்டு, மனக்கணக்காகவே போடலாம். மாவுச்சத்து எத்தனை கிராம், நார்ச்சத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 கிராமாவது நார்ச்சத்து வேண்டும். 30 இருந்தால் 3. அதற்குக் கீழே இருந்தால் நான் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்புறம் சோடியம். ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். முழுத் தானியம் என்பதால் உப்பு குறைந்துவிடாது, பெட்டி மாவில் ஏற்கெனவே நிறைய உப்பு உண்டு, சீஸிலும் உண்டு. அதனால் தனியாக ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், முதல் வரியைப் படியுங்கள்.

இனி செய்முறை. எழுதிக்கொள்கிறவர்களுக்காக மெதுவாகச் சொல்கிறேன். மிக்ஸ் 2 கப். வெண்ணெய் அரை ஸ்டிக், அதாவது 4 டேபிள்ஸ்பூன், ஃப்ரீசரில் கல் மாதிரி இறுகினது. கடையில் விற்கிற பட்டர்மில்க் முக்கால் கப். அது நம் நீர்மோர் மாதிரி தண்ணீராக இருக்காது, கெட்டியாக இருக்கும், அந்தக் கெட்டிதான் வேண்டும். செடார் சீஸ் துருவினது அரை கப். பச்சை மிளகாய் 2, பொடியாக நறுக்கி. கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, கிள்ளிப் போட்டது. ஒன்றிரண்டாக உடைத்த மிளகு அரை டீஸ்பூன், சீரகம் கொஞ்சம்.

ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முதலில் போட்டுவிடுங்கள். வெண்ணெயைக் கேரட் துருவுகிற துருவியில் மாவின் மேலேயே துருவி, விரல் நுனியால் உதிர்த்து விடுங்கள். புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். வெண்ணெய் மாவோடு கரைந்துவிடக் கூடாது, துணுக்குத் துணுக்காகத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஓவனுக்குள் அந்தத் துணுக்கு உருகி அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போதுதான் ஏடு பிரியும். மிளகாய், சீஸ் எல்லாம் போட்டு, மோரை ஊற்றி, ஒரு கரண்டியால் நாலு சுற்று. அவ்வளவுதான். பிசையாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் டென்னசியிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார், 70 வயதைத் தாண்டியவர். நான் முதல்முதலாகச் செய்தபோது அவர் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சப்பாத்திக் கை, மாவைக் கண்டால் உள்ளங்கையால் அழுத்திப் பிசைவதுதான் தெரியும். இரண்டு அழுத்து அழுத்தியிருப்பேன், எழுந்து வந்து கிண்ணத்தையே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சப்பாத்திக்கு இழுவை வேண்டும், அதற்காகப் பிசைகிறோம். பிஸ்கட்டுக்கு இழுவை வந்தால் கல்லாகிவிடும். அன்று அவர் மாவைப் பலகையில் கொட்டி, கையால் தட்டி, மடித்து, திரும்பத் தட்டினார், மூன்றே மடிப்பு. அந்தக் கை மாவைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு லேசு. நான் இன்றுவரை அந்த மூன்று மடிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

முழு கோதுமைக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். கலந்தவுடன் மாவு நசநசவென்று இருக்கும், பயந்துபோய் இன்னும் மிக்ஸ் கொட்டாதீர்கள். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். 10 நிமிடம் மூடி வைத்தால் தானாகவே இறுகிவிடும். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் ஒரு தடவை, சூடு பட்டதும் ஒரு தடவை என்று இரண்டு தடவை வேலை செய்கிற வகை, அதனால் அந்த 10 நிமிடத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு மணி நேரம் வைத்தால்தான் தவறு.

அப்புறம் ஒரு அங்குல கனத்துக்குத் தட்டி வெட்டுங்கள். டம்ளரால் வெட்டாதீர்கள், மழுங்கின விளிம்பு ஓரத்தை அமுக்கி ஒட்டிவிடும், பக்கவாட்டில் எழும்பாது. கூரான கத்தியால் சதுரமாக, நேர்கீழாக வெட்டினால் போதும். ட்ரேயில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்குங்கள், ஒன்றுக்கு ஒன்று சாய்மானமாக உயரும். 12 முதல் 15 நிமிடம். புரதம் சேர்த்த மிக்ஸ் என்றால் சீக்கிரம் சிவந்துவிடும், 10-ஆவது நிமிடமே எட்டிப் பாருங்கள். மைதா பிஸ்கட் அளவுக்கு உயரம் வராது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் வறுத்த கோதுமை வாசனை ஒன்று வரும், அது மைதாவில் கிடைக்காது. என் வீட்டுக்காரர் இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார், வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறார்.

கேழ்வரகு மாவு கலந்து செய்வதையும் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 1 நிமிடம் என்று விரலைக் காட்டுகிறார்கள். கால் கப்புக்கு மேல் கலக்காதீர்கள், உதிர்ந்துவிடும், மோரும் இரண்டு ஸ்பூன் கூட வேண்டும். பிரித்த பெட்டியை அலமாரியில் வைக்காதீர்கள், முளையில் இருக்கும் எண்ணெய் காறிப்போகும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டின பிஸ்கட்டை வேகவைக்காமலே ஃப்ரீசரில் போட்டு வைக்கலாம். வேண்டும்போது இளக விடாமல் அப்படியே ஓவனில் வைத்தால் மூன்று நான்கு நிமிடம்தான் கூடுதலாகும். நன்றி, வணக்கம்.