தஞ்சை அரண்மனையும் கடற்கரைச் சாலை நீதிமன்றமும்

(வண்ணாரப்பேட்டையில் ஒரு நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சான்றிதழுக்காகவோ மனுக் கொடுக்கவோ ராஜாஜி சாலையிலுள்ள சிங்காரவேலர் மாளிகையின் படியேறாத குடும்பம் வடசென்னையில் அரிது. அந்த ஆட்சியர் அலுவலகம் எழுவதற்கு முன் அதே இடத்தில் பெண்டிங்க் கட்டடம் நின்றது. 1817 முதல் சென்னை சுப்ரீம் கோர்ட்டும், பிறகு 1892 வரை உயர் நீதிமன்றமும் அங்கேதான் இயங்கின. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் சொத்து வழக்கு நடந்த இடம் அது. தஞ்சையின் தலைவிதியில் பெரும்பகுதி இந்தக் கடற்கரையோரம் எழுதப்பட்டது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

மதுரை நாயக்கரிடம் பறிபோன தஞ்சையை, தஞ்சை நாயக்கர் மரபில் எஞ்சிய வாரிசுக்கு மீட்டுக் கொடுக்கும்படி பீஜப்பூர் சுல்தான் அனுப்பிய தளபதி ஏகோஜி. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான இவர், மீட்ட நாட்டை 1670களின் நடுவில் தமதாக்கிக் கொண்டார். உதவிக்கு வந்தவர் உரிமையாளர் ஆன அதே கதை, அவருடைய வழித்தோன்றல்களுக்கும் பின்னாளில் நேர்ந்தது. 1749இல், பதவியிழந்த தஞ்சை மன்னர் சாயாஜியை மீண்டும் அரியணையில் ஏற்றுவதாகச் சொல்லிப் புறப்பட்ட கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, கொள்ளிடக் கரையில் தேவிக்கோட்டையைப் பெற்றதும் சாயாஜியைக் கைவிட்டு, அவர் எதிர்த்த பிரதாப சிங்குடனேயே உடன்பாடு செய்துகொண்டது.

அடுத்து வந்தது கடன். இந்த வரலாற்றில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடம் இதுதான். ஆற்காடு நவாப் முகமது அலி, சென்னையிலிருந்த கும்பினி ஊழியர்களிடமே பெருங்கடன் பட்டிருந்தார். கடனை அடைக்க அவருக்குக் காவிரிச் சமவெளியின் நெல் வேண்டும். 1773இல் கும்பினியின் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது; மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். லண்டனிலிருந்த இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய ஆணைப்படி 1776 ஏப்ரலில் ஆளுநர் பிகாட் பிரபு துளஜாஜிக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் குறுக்கே வந்தார். தஞ்சை வருவாயின் மீதும் வயலில் நின்ற பயிரின் மீதும் தமக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கும் மேல் வர வேண்டியிருக்கிறது என்றார். அறுவடையாகாத கதிருக்கு, அதை நட்ட உழவனுக்குத் தெரியாமல், புனித ஜார்ஜ் கோட்டையில் உரிமையாளர் முளைத்திருந்தார். அந்தத் தகராறு முற்றி, ஆகஸ்டில் ஆளுநரையே அவருடைய சபையினர் கைது செய்தனர்; 1777 மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார்.

1799 அக்டோபரில் இரண்டாம் சரபோஜி ஓர் ஒப்பந்தத்தின் மூலம் நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினிக்கு விட்டுக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடா பொன் நாணயங்களும், எஞ்சிய நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. ஆட்சி கோட்டைச் சுவருக்குள் சுருங்கிய பிறகு அவர் செய்தவற்றை நான் பெருமதிப்போடு பார்க்கிறேன். நாயக்கர் காலத்திலிருந்தே இருந்த சுவடிச் சேகரத்தை அவர் சரசுவதி மகால் நூலகமாக வளர்த்தார். தேவநாகரி எழுத்தில் அச்சகம் நடத்தினார். கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையைக் குறித்து வைக்கச் செய்தார். எனினும், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட மனோராக் கோபுரம் கட்டியவரும் அவரேதான். அதையும் மறைக்கக் கூடாது.

அவருடைய மகன் சிவாஜி 1855 அக்டோபர் 29 அன்று ஆண் வாரிசின்றி இறந்தார். மகள்கள் இருந்தும், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அரசு அரச பட்டத்தை ஒழித்தது. ஓராண்டு கழித்து, 1856 அக்டோபர் 18 அன்று, கமிஷனர் ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் நுழைந்து அறைகளுக்கு முத்திரையிட்டுக் காவல் போட்டார். அரசுச் சொத்து மட்டுமன்றி, மன்னரின் சொந்தச் சொத்தும் அதில் அடங்கியது.

மூத்த ராணி காமாட்சி பாய் அதற்கு அஞ்சி ஒதுங்கவில்லை. கணவரின் சொந்தச் சொத்து இந்துச் சட்டப்படி தமக்கு உரியது என்று சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ராணிகளுக்காக வாதாடினார். வெள்ளைக்கார நீதிபதிகள் அமர்ந்திருந்த அந்த மன்றம், கும்பினிக்கு எதிராக, ராணியின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கும்பினி ஆட்சியே முடிந்து, இந்தியச் செயலர் என்ற பிரிட்டிஷ் அமைச்சர் எதிர்வாதியின் இடத்துக்கு வந்திருந்தார். 1859 ஜூலையில் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்பை ரத்து செய்தது. சொத்தைக் கைப்பற்றியது இறையாண்மை கொண்ட அரசின் செயல். அதில் அநீதியே இழைக்கப்பட்டிருந்தாலும் அதற்குப் பரிகாரம் தரும் அதிகாரம் எந்த உள்நாட்டு நீதிமன்றத்துக்கும் இல்லை என்பது அதன் முடிவு. அநீதி இல்லை என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1862இல் அரசு தானாகவே சொந்தச் சொத்தை ராணிகளிடம் ஒப்படைத்தது. உரிமையாகக் கேட்டுப் பெற முடியாததைச் சலுகையாக வாங்கிக்கொள்ள நேர்ந்தது. சரசுவதி மகால் 1918இல் பொது நூலகமாயிற்று. காமாட்சி பாய் தோற்ற அந்தத் தீர்ப்பு மட்டும் அவரோடு முடிந்துவிடவில்லை; விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது எழுந்த உரிமை வழக்குகளில், நம் உச்ச நீதிமன்றமும் அதை மேற்கோள் காட்டியது.