யாருக்கும் தெரியாத ஏரிக்கரை எங்கண்ணே இருக்கு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. கரூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணே, ஆயுத பூஜை லீவுல நானும் வீட்டுக்காரரும் மூணாறு, தேக்கடிப் பக்கம் நாலு நாள் நடந்தே சுத்தலாம்னு இருக்கோம், ஏரியெல்லாம் பாக்கணும், ஆனா கூட்டம் இருக்கக்கூடாது, யாருக்கும் தெரியாத எடமா ஒண்ணு சொல்லுங்க"ன்னு. இந்த யாருக்கும் தெரியாத எடம் இருக்கே, அது ரெண்டு நாளா மண்டையில கொடஞ்சுக்கிட்டே இருக்கு. நான் இங்க உக்காந்து சொல்லிட்டா அப்புறம் அது எப்படிம்மா யாருக்கும் தெரியாத எடமா இருக்கும்? அடுத்த லீவுக்கு அங்க ஒருத்தன் பார்க்கிங் டோக்கன் கிழிச்சுக்கிட்டு நிப்பான்.

நம்ம சேனல் பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு இப்பவே தெரியும். கூட்டம் கார் போற எடத்துக்குத்தான் போகும், கார் போற நேரத்துக்குத்தான் போகும். மாட்டுப்பட்டி டேம எடுத்துக்கங்க. மூணாறுல இருந்து 13 கிலோமீட்டர். ஹோட்டல்ல இட்லி, பொங்கல் எல்லாம் முடிச்சுட்டு ஒன்பதரை பத்துக்கு மொத்த ஊரும் ஒரே ரோட்டுல கெளம்பும், மாட்டுப்பட்டில போட்டு சவாரி, எக்கோ பாயிண்ட்ல கத்தல், குண்டளை ஏரில இன்னொரு போட்டு சவாரி, மதியத்துக்கு மேல டாப் ஸ்டேஷன். அங்க போய்ச் சேரும்போது மஞ்சு மூடியிருக்கும், ஒண்ணும் தெரியாது, ஒரு சோளக்கருத வாங்கித் தின்னுட்டு திரும்பிருவாங்க. தெனமும் இதே கதைதான்.

அப்ப நீங்க இதத் தலகீழா திருப்பிப் போடுங்க. டாப் ஸ்டேஷன்லயே ராத்தங்கல் போடுங்க. காலைல வானம் தெளிவா இருந்தா கீழ கொட்டகுடி, குரங்கணி, அந்தப் பக்கம் போடி வரைக்கும் எறங்குற பள்ளத்தாக்கு தெரியும், பக்கத்துல யாரும் செல்ஃபி குச்சி நீட்ட மாட்டான். அப்புறம் குண்டளையப் பாத்து கீழ எறங்கி நடங்க. அவங்க மேல ஏறி வர்ற நேரத்துக்கு நீங்க ஏரியப் பாத்து முடிச்சுட்டு ஓரமா ஒரு கடைல டீ குடிச்சுக்கிட்டு இருப்பீங்க.

டாப் ஸ்டேஷன்னு பேரு வந்த கதை போன வருசம் ஒரு வீடியோல சொன்னேன், புதுசா வந்தவங்களுக்காக இன்னொரு தடவ. வெள்ளக்காரன் காலத்துல மூணாறுல இருந்து அங்க வரைக்கும் குட்டி ரயில் ஓடுச்சு, தேயிலப் பெட்டிய அதுல ஏத்தி, மேல இருந்து ரோப்வேல கொட்டகுடிக்கு எறக்கி போடிக்குக் கொண்டு போனாங்க. 1924 வெள்ளத்துல அந்த ரயிலே போச்சு. மலையாளத்துக்காரங்க அத தொண்ணூத்தொம்பதாம் வெள்ளம்னுவாங்க, அவங்க கொல்லம் வருசம் 1099. இப்ப அங்க போறவங்கள்ல நூத்துல ஒருத்தர் கூட இத கேக்கறதில்ல, சோளம் எங்க விக்குதுன்னுதான் கேக்கறாங்க.

இப்ப முக்கியமான விசயம். சீக்கிரம் எந்திரிங்கன்னு சொன்னதும் சில பேர் அஞ்சு மணிக்கே டார்ச் அடிச்சுக்கிட்டு எறங்கிருவாங்க. வேணாம் சாமி. மனுசக் கூட்டம் இல்லாத நேரம் யானைக்கு நடக்கற நேரம். அந்தப் பக்கம் படையப்பான்னு ஒரு ஒத்தை யானை சுத்துது, ரோட்டுல நிக்கும், கடைய ஒடச்சு உள்ள கெடக்கறதத் தின்னும். ஆனையிறங்கல்னு ஒரு ஏரிக்குப் பேரே வச்சிருக்கானே, சும்மாவா வச்சிருப்பான்? அதனால நல்லா வெளிச்சம் வந்து, கொழுந்தெடுக்கறவங்க தோட்டத்துக்குள்ள போன பிறகு நீங்க கெளம்புங்க. அவங்களுக்கு நேத்து ராத்திரி எது எங்க நின்னுச்சுன்னு தெரியும். அவங்ககிட்ட ஒரு வார்த்த கேளுங்க, நெறைய பேரு நம்ம தமிழ் சனம்தான். எஸ்டேட்டுக்குள்ள போற பாதை தனியார் எடம், கேட்டுட்டுத்தான் கால் வைக்கணும்.

கம்பத்துக்காரனுக்கு இத யாரும் சொல்லித் தர வேணாம். 2023ல அரிக்கொம்பன்ங்கற யானைய மூணாறு பக்கம் சின்னக்கானல்ல புடிச்சு பெரியாறு காட்டுல கொண்டுபோய் விட்டாங்க, ஒரு மாசம் ஆகறதுக்குள்ள அது எங்க கம்பம் தெருவுக்குள்ள வந்துருச்சு. கடைசில களக்காடு முண்டந்துறைக்கு ஏத்திட்டுப் போனாங்க.

தேக்கடிக்கு வருவோம். தேக்கடின்னாலே எல்லாருக்கும் போட்டுதான். ஏரி எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், 1895ல பென்னிகுக் அணை கட்டித் தேக்குன தண்ணி, அதான் நம்ம வைகைக்கு வருது. அந்தப் போட்டுக்கு க்யூல நின்னு டிக்கெட் எடுத்து, உக்காந்து, தூரத்துல ஒரு காட்டுமாடு தெரிஞ்சா மொத்தப் பேரும் ஓன்னு கத்துவாங்க. அங்கயும் அதே கணக்குதான், கார் போற எடம், கார் போற நேரம். க்யூவ விட்டுட்டு வனத்துறை நடத்துற வாக்கிங்குக்குப் பேரு குடுங்க. மூணு மணி நேரம் நடக்கறதும் இருக்கு, நாள் பூரா நடக்கற பார்டர் ஹைக்கிங்கும் இருக்கு. மூங்கில் தெப்பத்துல போறது ஒண்ணு இருக்கு, அதுக்கு எடம் கொஞ்சம், முன்னாடியே புக் பண்ணிருங்க.

என்னக் கேட்டா, தங்கச்சி எங்க நடக்கறதுன்னு கேட்டதுக்குப் பதிலா யார்கூட நடக்கறதுன்னு கேட்டிருக்கணும். வழிகாட்டியா கூட வர்றவங்க நெறைய பேரு மன்னான், பளியர்னு அந்தக் காட்டுப் பழங்குடி சனம். ஒரு காலத்துல அந்தக் காட்டுக்குள்ள திருட்டுத்தனமா மரப்பட்டை உரிச்சவங்க, வேட்டையாடுனவங்களையே வனத்துறை கூப்புட்டு வழிகாட்டியா வேலைக்கு வச்சாங்க. அப்படி ஒரு பெரியவர்கூட நான் நடந்தேன். அவரு திடீர்னு நின்னு கைய காட்டி உக்காரச் சொல்லிட்டாரு, எங்களுக்கு ஒண்ணும் தெரியல, கூட வந்த ஒருத்தர் என்னண்ணே புலியா புலியாங்கறாரு. அவரு மூக்கத் தொட்டுக் காமிச்சாரு. கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் மூங்கில் ஒடியற சத்தமே எங்களுக்குக் கேட்டுச்சு. அந்த ஆளு கூட இருந்தா ஏரிக்கு அந்தப் பக்கம் பத்து போட்டு போனாலும் உங்களுக்குக் கூட்டமாவே தெரியாது.

ஆயுத பூஜைல ரூம் கெடைக்கலன்னா அடுத்த வாரம் செவ்வா, புதன் பாருங்க. கார்த்திகை பொறந்துட்டா குமுளி பக்கமே வராதீங்க, சபரிமலை வண்டிதான், கம்பம்மெட்டு வழியா ஏத்தி குமுளி வழியா எறக்கி விடுவாங்க. அக்டோபர்ல மழை வரும், அட்டை இருக்கும், வாக்கிங்குல அதுக்குன்னு தனி சாக்ஸ் குடுப்பாங்க, அத முழங்கால் வரைக்கும் இழுத்துக் கட்டிக்கங்க. உப்பு, மூக்குப்பொடி எல்லாம் உங்க இஷ்டம்.

சரி, அடுத்து ஏலக்கா கேள்வி ஒண்ணு இருக்கு, அதப் பாப்போம்.