வெறும் பேரை மாத்தப் போய் அரை நாள் போச்சு | கெர்னல் மேக்ஃபைல் க்ளீனப்

ஹாய் மக்களே, இன்னைக்கு புது ஃபீச்சர்லாம் ஒண்ணும் இல்ல, என் சென்சார் ட்ரைவரோட மேக்ஃபைல்ல, அதாவது எதை எப்படி பில்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்ல, பேரைச் சரி பண்ணிட்டு இருக்கேன், அவ்ளோதான்.

லினக்ஸ் கெர்னல்ல ஒரு மாடியூலுக்கு, அதாவது கெர்னலுக்குள்ள தனியா லோட் பண்ற கோடு துண்டுக்கு, எந்தெந்த ஃபைல் சேரணும்னு மேக்ஃபைல்ல ஒரு வரி இருக்கும்ல, அது சில ட்ரைவர்ல ஹைஃபன் ஆப்ஜ்ஸ்னு முடியும், சிலதுல ஹைஃபன் ஒய். ரெண்டுமே ஓடும், அதனாலதான் எவனும் தொடுறதில்ல. ஆனா ஆப்ஜ்ஸ் வந்து பில்ட் நடக்கும்போது நம்ம மெஷின்லயே ஓடுற குட்டி டூல்ஸுக்குன்னு வெச்ச பேரு, மாடியூலுக்கு ஒய்தான். அதுல ஒரு வசதி இருக்கு, கான்ஃபிக்ல ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணா அதோட வேல்யூவும் ஒய் தானே, அப்போ அந்த ஒய் இருக்குற இடத்துல கான்ஃபிக் வேரியபிளையே போட்டுட்டா, ஆன்ல இருந்தா பிழை தேடுற டீபக் ஃபைல் தானா சேந்துக்கும், ஆஃப்னா பேர் வெறும் ஹைஃபனோட நின்னுடும், கெர்னலோட பில்ட் சிஸ்டமான கேபில்ட் அதைச் சீண்டவே சீண்டாது. தனியா இஃப் எண்டிஃப் எழுதத் தேவையில்ல.

சரி, நான் எங்க மாட்டுனேன்னா, மாடியூல் பேரு சென்சார், பக்கத்துலயே சென்சார் டாட் சி-ன்னு ஒரு ஃபைல், மேக்ஃபைல் வரியோட லிஸ்ட்ல கோர், கேலிப்னு ரெண்டு ஃபைல் போட்டுட்டேன். பில்ட் பண்ணா மாடியூல் லைசென்ஸ் வரியைக் காணோம்னு, மாடியூலைக் கடைசியில சோதிக்கிற மாட்போஸ்ட் டூல் கத்துது. அட, அந்த லைன் என் கண்ணு முன்னாடி சென்சார் டாட் சி-ல இருக்குய்யா! அப்புறம்தான் புரிஞ்சுது, மாடியூல் பேர்ல வர்ற ஆப்ஜெக்ட் ஃபைலை அந்த லிஸ்ட்ல இருந்துதான் கேபில்ட் ஒட்டுது, சென்சார் டாட் சி கம்பைலே ஆகல. சரின்னு அதையும் லிஸ்ட்ல சேத்தா, சென்சார் சென்சாரையே டிபெண்ட் பண்ணுது, சர்க்குலர்னு மேக்ஃபைலை ஓட்டுற மேக் டூல் திட்டுது.

ஃபைல் பேரைத்தான் மாத்தணும், மாடியூல் பேரை இல்ல. அதை மாத்துனா மாடியூலை லோட் பண்ற மாட்ப்ரோப் கமாண்டோட கான்ஃபிக்ல, பூட் லைன்ல அந்தப் பேர்ல ஆப்ஷன் எழுதி வெச்சவங்களுக்கு எல்லாம் போச்சு. ஹைஃபனா அண்டர்ஸ்கோரான்னு மட்டும் மண்டையை உடைக்காதீங்க, லோட் ஆன மாடியூலை லிஸ்ட் போடுற எல்எஸ்மாட் எப்படியும் அண்டர்ஸ்கோர்தான் காட்டும், மாட்ப்ரோப் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும்.

அதனால சென்சார் ஹைஃபன் மெயின் டாட் சி-ன்னு கிட் எம்வி, அதாவது கோடு மாற்றங்களைப் பதிவு பண்ற கிட்ல பேர் மாத்துற கமாண்ட், போட்டாச்சு. இதைத் தனி கமிட்டா வெச்சிருக்கேன், ஏன்னா கிட் ரீநேமைத் தனியா எழுதி வெக்காது, உள்ளடக்கம் ஒத்துப்போகுதான்னு பாத்துதான் கண்டுபிடிக்கும், அதே கமிட்ல கோடையும் நெறைய நோண்டுனா பழைய ஹிஸ்டரி அறுந்துடும். மேக்ஃபைல் வரி கூடவே போகட்டும், இல்லன்னா நடுவுல பில்ட் உடையும்.