பத்திரத்தில் கைமாறிய கோட்டை

அனைவருக்கும் வணக்கம். கோட்டை என்றதும் "எந்த ராஜா பிடித்தான்?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில், பிராவ்பாக் என்ற சிற்றூருக்கு மேலே ஒரு குன்றில் நிற்கும் மார்க்ஸ்பூர்க்கைப் பற்றி அப்படிக் கேட்டால் பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். யாரும் பிடிக்கவில்லை. விற்றார்கள், வாங்கினார்கள், வாரிசுக்குப் போனது, ஆட்சி மாறியபோது கூடவே கைமாறியது. அவ்வளவுதான்.

உள்ளே போகும் வழியில் பாறையிலேயே வெட்டிய படிகள் இருக்கின்றன. குதிரை ஏறுவதற்காக அகலமாக வெட்டியவை, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். பக்கத்துச் சுவரில் கோட்டையை வைத்திருந்தவர்களின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். வில்லங்கச் சான்றிதழைச் சுவரில் வரைந்து வைத்த மாதிரி!

முதலில் எப்ஸ்டைன் குடும்பம். 1283இல் காட்சனெல்ன்போகன் பிரபுக்கள் விலைக்கு வாங்கினார்கள். ஆற்றில் போகும் படகுகளிடம் சுங்கம் வசூலித்தே பணக்காரர் ஆனவர்கள் இவர்கள். ரீஸ்லிங் என்ற ஒயின் திராட்சையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று, 1435இல் இவர்கள் திராட்சைக் கொடி வாங்கிய கணக்கில்தான் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவனை யாரும் மதிப்பதில்லை. ஆனால் கடைசியில் நிற்பது அவன் எழுத்துதான்.

1479இல் ஆண் வாரிசு இல்லாமல் அந்த வம்சம் முடிந்தது. கடைசிப் பிரபுவின் மகள் ஆன்னாவை மணந்திருந்த ஹெஸ்ஸன் குடும்பத்துக்குக் கோட்டை போயிற்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெஸ்ஸனை ஆண்ட மோரிட்ஸ், தன் கோட்டைகளை எல்லாம் அளந்து வரையச் சொன்னார். வரைந்தவர் வில்ஹெல்ம் டிலிக். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1689 வாக்கில் பிரெஞ்சுப் படைகள் ரைன் கரைக் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தன. இது தப்பியது. அப்புறம் ஆட்சி மாற்றங்களில் 1803இல் நாசாவ் அரசின் கைக்கும், 1866இல் பிரஷ்ய அரசின் கைக்கும் போனது. நாசாவ் காலத்தில் இது சிறைச்சாலை. ஊனமுற்ற பழைய சிப்பாய்களையும் இங்கேதான் தங்க வைத்தார்கள். கவனிப்பார் இல்லாமல் சுவரும் கூரையும் சிதைந்துகொண்டே வந்தன.

1900இல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் இதை வாங்கியது. என்ன விலை தெரியுமா? 1000 மார்க்! கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் முன்னின்று, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆதரவோடு முடித்த கிரயம் அது. சரி, இடிந்ததை எப்படித் திரும்பக் கட்டுவது? சுமார் 300 ஆண்டு பழைய டிலிக் வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டார் எப்ஹார்ட். சொத்துக் கணக்குக்காக அன்று ஒரு பிரபு வரையச் சொன்ன தாள்கள்!

1945 பிப்ரவரியில் எப்ஹார்ட் இந்தக் கோட்டையிலேயே இறந்தார். மறு மாதமே அமெரிக்க பீரங்கிக் குண்டுகள் விழுந்து கட்டடம் பலமாகச் சேதமடைந்தது. அதைப் பழுதுபார்த்ததும் அதே சங்கம்தான். 1900க்குப் பிறகு பத்திரத்தில் பெயர் மாறவில்லை.